உணவா, தீவனமா? வீட்டில் சுடும் நாய் பிஸ்கட்டும் சட்டத்தின் வெற்றிடமும்

1. ஓர் உறையும் ஒரு கேள்வியும்

என் மேசை மேல் ஒரு பழுப்புக் காகித உறை இருக்கிறது. சென்னைக் குடியிருப்பு வளாகம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை போடும் சிறு சந்தையில் வாங்கியது. உள்ளே எலும்பு வடிவ அச்சால் வெட்டிச் சுட்ட கேழ்வரகு பிஸ்கட்டுகள். பூசணிக்காயும் கோழி ஈரலும் சேர்த்துப் பிசைந்த மாவு என்று விற்ற பெண்மணி சொன்னார். உறையின் மேல் ஒரு நாயின் படம், ஒரு பெயர், கைப்பேசி எண், "200 கிராம்", "முற்றிலும் இயற்கையானது" என்ற வரி. எந்த நாளில் சுட்டது, எத்தனை நாள் தாங்கும், உள்ளே என்னென்ன பொருள்கள் என்ற விவரம் எதுவும் இல்லை. ஆனால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு எண் மட்டும் தெளிவாக அச்சாகியிருக்கிறது. அது அவர் தம்முடைய கேக் தொழிலுக்காக வாங்கிய எண்.

அவர் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரே அடுப்பு, ஒரே மாவு, ஒரே கை. கேக்குக்குப் பொருந்தும் பதிவு நாய் பிஸ்கட்டுக்கும் பொருந்தும் என்று நம்புகிறார். வீட்டிலிருந்து நாய்த் தின்பண்டம் செய்து விற்கும் பலரிடமும் இரண்டில் ஒரு நம்பிக்கையைக் காணலாம். ஒன்று, உணவுப் பதிவு இருந்தால் போதும் என்பது. மற்றொன்று, வாயில்லாச் சீவன் தின்பதற்கு எதற்கு உரிமம், எதுவும் வேண்டாம் என்பது. இரண்டும் பிழை என்பதைச் சட்டங்களின் சொற்களைக் கொண்டே இக்கட்டுரை காட்ட முயல்கிறது. அதற்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வீட்டுச் சமையலறையில் நாய்க்கென்று சுட்ட பிஸ்கட்டைச் சட்டம் என்னவென்று அழைக்கிறது?

2. மூன்று வரையறைகள்

இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006, தன் 3-ஆம் பிரிவில் 'உணவு' என்பதை வரையறுக்கிறது. மனிதர் உட்கொள்வதற்கான எல்லாப் பொருள்களையும் உள்ளே கொண்டுவந்த பிறகு, எவையெல்லாம் உணவு ஆகா என்று அது பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலின் தொடக்கத்திலேயே விலங்குத் தீவனம் நிற்கிறது. கொல்லப்படாத விலங்கு, அறுவடைக்கு முந்தைய பயிர், மருந்து, ஒப்பனைப் பொருள், போதைப்பொருள் ஆகியவை அதைத் தொடர்ந்து வருகின்றன. ஆகவே நாய் பிஸ்கட் இச்சட்டத்தின் பார்வையில் உணவு ஆகாது. அதற்கு ஆணையத்தின் பதிவு தேவையில்லை. அதைவிட முக்கியமாக, அந்தப் பதிவு அதற்குப் பொருந்தவும் பொருந்தாது. என் மேசையிலிருக்கும் உறையில் அச்சான எண் கேக்குக்கு உரிய காப்பு. பிஸ்கட்டைப் பொறுத்தவரை அது வாங்குபவருக்குத் தவறான நம்பிக்கை தருகிறது.

இந்த விலக்கு எங்கிருந்து வந்தது? 2006-க்கு முன் நடப்பிலிருந்த உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் 1954, மனிதர் உண்ணவும் பருகவும் பயன்படுவதையே உணவு என்றது. அங்கே விலங்கைப் பற்றிய பேச்சே இல்லை. 2006-ஆம் ஆண்டுச் சட்டம்தான் தீவனத்தைப் பெயர் சொல்லி விலக்கியது. அதன் வரையறையை ஐரோப்பிய ஒன்றியத்தின் 178/2002 எண் கொண்ட பொது உணவுச் சட்ட விதியின் 2-ஆம் கூறோடு வைத்துப் படித்தால் நெருக்கமான ஒற்றுமை தெரிகிறது. தீவனம், உயிருள்ள விலங்கு, அறுவடைக்கு முந்தைய பயிர், மருந்து, ஒப்பனைப் பொருள் என்ற அதே வரிசை அங்கும் உண்டு. இந்தியச் சட்டத்தை எழுதியவர்கள் ஐரோப்பிய வாசகத்தை முன்மாதிரியாகக் கொண்டார்கள் என்று கருத இது இடம் தருகிறது.

இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. ஐரோப்பிய விதி தீவனத்தை 'உணவு' என்ற சொல்லிலிருந்து விலக்கினாலும், அதே விதிக்குள் தீவனத்துக்கென்று தனி வரையறையும் தனிப் பாதுகாப்புக் கடமையும் வைத்தது. பிறகு 183/2005 என்ற தீவனத் தூய்மை விதி வந்தது. 767/2009 தீவன விற்பனையையும் உறைக் குறிப்பையும் ஒழுங்குபடுத்தியது. 1069/2009 இறைச்சி, ஈரல், எலும்பு போன்ற விலங்குத் துணைப்பொருள்களைக் கையாளும் இடங்களுக்கு, செல்லப்பிராணி உணவு செய்யும் இடங்கள் உட்பட, ஒப்புதல் முறையைக் கொண்டுவந்தது. அதாவது ஒரு வாசலை மூடிய கையோடு பக்கத்தில் இன்னொரு வாசல் திறக்கப்பட்டது. நாம் மூடும் வாசகத்தை எடுத்துக்கொண்டோம். நாய் உணவுக்கான மற்றொரு வாசலை இன்னும் கட்டவில்லை.

அமெரிக்கா மூன்றாவது வழியில் சென்றது. அங்கே 1906-ஆம் ஆண்டின் தூய உணவு மற்றும் மருந்துச் சட்டமே, மனிதரோ பிற விலங்குகளோ உண்பதும் பருகுவதும் உணவு என்றது. அதற்குப் பதிலாக வந்த 1938-ஆம் ஆண்டின் கூட்டாட்சி உணவு, மருந்து, ஒப்பனைப் பொருள் சட்டமும் அந்தப் பொருளையே காத்தது. அங்கே நாய் பிஸ்கட் உணவுதான். மனித உணவைப் போலவே அதுவும் தூய்மையாக இருக்க வேண்டும், தீங்கு செய்யும் பொருள் கலந்திருக்கக் கூடாது, உறையில் உண்மை சொல்ல வேண்டும். ஒருபுறம் மனிதரையும் விலங்கையும் ஒரே தொடரில் வைத்த சட்டம், மறுபுறம் விலங்கின் உணவை வாசலுக்கு வெளியே நிறுத்திய சட்டம். பின்னால் வரும் எல்லா வேறுபாடுகளும் இந்த வரையறைகளிலிருந்து கிளைத்தவை.

3. அமெரிக்க வீட்டுச் சமையலறை: தளர்வும் கண்டிப்பும்

அமெரிக்க முறையைப் புரிந்துகொள்ள மூன்று அடுக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் அடுக்கு கூட்டாட்சி அரசு. 2002-இன் உயிரிப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்படி, மனித உணவோ விலங்கு உணவோ தயாரிக்கும் இடங்கள் உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்டிஏ-வில் பதிவுசெய்ய வேண்டும். ஆனால் தனி நபரின் குடியிருப்பு இந்தப் பதிவுக்குரிய 'தயாரிப்பிடம்' என்ற வரையறைக்குள் வராது. 2011 ஜனவரியில் கையெழுத்தான உணவுப் பாதுகாப்பு நவீனமயச் சட்டமும், அதன் கீழ் 2015-இல் இறுதியான விலங்கு உணவு விதிகளும் இடர் ஆய்வு, தடுப்புத் திட்டம், பதிவேடு எனப் பல கடமைகளை விதித்தன. அவை பதிவுக்கு உரிய இடங்களுக்கானவை. ஆகவே வீட்டுச் சமையலறை அவற்றிலிருந்து தப்புகிறது. ஆனால் கலப்படத் தடையும் பொய்யான உறைக்குறிப்புத் தடையும் வீட்டையும் பிடிக்கும். முறைகளில் தளர்வு உண்டு, விளைவுக்கான பொறுப்பில் தளர்வு இல்லை.

இரண்டாம் அடுக்கு மாநிலம். நடைமுறையில் கடுமை இங்குதான். பல மாநிலங்களில் வீட்டில் செய்த ரொட்டி, கேக், ஊறுகாய் போன்றவற்றை வணிகச் சமையலறை உரிமமின்றி விற்க இடம் தரும் 'குடிசை உணவு' சட்டங்கள் உள்ளன. டெக்சாஸில் இது 2011-இலும் கலிஃபோர்னியாவில் 2013-இலும் நடப்புக்கு வந்தது. இச்சட்டங்கள் மனித உணவுக்கானவை. டெக்சாஸில் தன் அடுப்பில் சுட்ட கேக்கை அண்டை வீட்டாருக்கு விற்கும் ஒருவர், அதே அடுப்பில் சுட்ட பிஸ்கட்டை அந்த வீட்டு நாய்க்கு விற்க வேண்டுமென்றால் வணிகத் தீவனக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் டெக்சாஸ் மாநில வேதியியலாளர் அலுவலகத்தின் உரிமம் பெற வேண்டும். வீட்டுத் தொழிலுக்கான சலுகை மனிதன் தின்னும் கேக்கோடு நின்றுவிடுகிறது.

மூன்றாம் அடுக்கு, சட்ட அதிகாரம் இல்லாத, ஆனால் சட்டத்துக்குச் சொல் தரும் அமைப்பு. 1909-இல் தொடங்கிய அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கம் மாதிரிச் சட்டமும் மாதிரி விதிகளும் எழுதுகிறது. மாநிலங்கள் அவற்றைத் தழுவிக்கொள்கின்றன. அது எந்தப் பொருளையும் சோதிப்பதோ ஒப்புதல் தருவதோ இல்லை. அதன் விதிகளின்படி உறையில் பொருளின் பெயர், எந்த விலங்குக்கு, நிகர எடை, செய்தவர் பெயரும் முகவரியும், எடையின் இறங்கு வரிசையில் சேர்மானங்கள், புரதமும் கொழுப்பும் குறைந்தது எவ்வளவு, நார்ச்சத்தும் ஈரப்பதமும் அதிகபட்சம் எவ்வளவு, கலோரி அளவு ஆகியவை இருக்க வேண்டும். 'தின்பண்டம்' என்று தெளிவாகக் குறித்துவிட்டால், முழு உணவுக்குரிய ஊட்டச்சத்து நிறைவுச் சான்று தேவைப்படாது.

சொற்களைச் சட்டம் எவ்வளவு நுணுக்கமாக எடை போடுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 'கோழி நாய் உணவு' என்று பெயரிட்டால், சமைப்பதற்குச் சேர்த்த நீர் நீங்கலாக 95 விழுக்காடு கோழி இருக்க வேண்டும். 'கோழி விருந்து' என்பது போல ஓர் அடைச்சொல் சேர்த்தால் 25 விழுக்காடு போதும். 'கோழியுடன்' என்றால் 3 விழுக்காடு. 'கோழிச் சுவை' என்றால் சுவை தெரியும் அளவுக்கு இருந்தால் சரி. ஒரே பறவை நான்கு தொடர்களில் நான்கு அளவு பெறுகிறது. 'மனிதர் உண்ணத்தக்க தரம்' என்ற தொடரையும் விருப்பம்போல் எழுத முடியாது. ஒவ்வொரு சேர்மானமும், செய்முறை முழுவதும், மனித உணவு விதிகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும். நம் ஊர் உறைகளில் தாராளமாகப் புழங்கும் 'இயற்கையானது', 'வீட்டுச் சுவை', 'மனித உணவுத் தரம்' ஆகியவற்றை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இங்கே இச்சொற்களை நாய் உணவின் மேல் எழுதுவதற்கு எந்த அளவுகோலும் இல்லை.

4. தமிழ்நாட்டில் எவை பொருந்தும்

உணவுச் சட்டம் வெளியே நிறுத்தியதால் நாய் பிஸ்கட் சட்டமே இல்லாத வெளியில் விற்கப்படுகிறது என்று பொருளாகாது. பிற சட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தைப் பிடிக்கின்றன.

முதலாவது, சட்டமுறை எடையளவு. பொட்டலமிட்ட எந்தப் பொருளுக்கும் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-உம், பொட்டலப் பொருள்கள் விதிகள் 2011-உம் பொருந்தும். செய்தவரின் பெயரும் முழு முகவரியும், பொருளின் பொதுப்பெயர், நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரியும் அடங்கிய அதிகபட்ச விலை, குறை சொல்லத் தொடர்புகொள்ள வேண்டிய விவரம் ஆகியவை உறையில் கட்டாயம். 27-ஆம் விதியின்படி, பொட்டலமிடத் தொடங்கிய 90 நாள்களுக்குள் 500 ரூபாய் கட்டணத்துடன் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விற்பனைக்கு நிறுக்கும் தராசும் முத்திரையிடப்பட்டதாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. என் மேசையிலுள்ள உறை இந்த விதிகளில் பாதிக்கு மேல் மீறியிருக்கிறது. செய்தவருக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரிந்திருக்காது.

இந்த விதிகளுக்குள்ளும் நம் கேள்வி மறைந்திருக்கிறது. எப்போதுக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற நாளைக் குறிக்கச் சொல்லும் வாசகம், காலப்போக்கில் 'மனிதர் உட்கொள்ளத் தகாததாக' மாறக்கூடிய பொருள்களுக்கே அதைக் கட்டாயமாக்குகிறது. நாய் தின்னத் தகாததாக மாறும் பொருளைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. அதனால் என் உறையில் கெடுநாள் இல்லாதது ஒழுங்கின்மையாக இருக்கலாம். குற்றம் என்று சொல்ல அந்த வாசகம் துணை நிற்காது.

இரண்டாவது, வரி. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது மாட்டுத் தீவனமும் கோழித் தீவனமும் வரிவிலக்குப் பெற்றன. சில்லறை விற்பனைக்குப் பொட்டலமிட்ட நாய், பூனை உணவு 18 விழுக்காட்டுப் பட்டியலில் சேர்ந்தது. சரக்கு விற்கும் தொழிலின் ஆண்டு வருவாய் 40 லட்சம் ரூபாய் வரை இருந்தால் தமிழ்நாட்டுக்குள் பதிவு கட்டாயமில்லை. பெங்களூருக்கோ கொச்சிக்கோ ஒரு பொட்டலம் அனுப்பினால் மாநிலங்களுக்கிடையேயான விற்பனையாகிறது, பதிவு வேண்டும். சமூக ஊடகம் வழியாக விற்பவர்கள் பலர் கவனிக்கத் தவறும் இடம் இதுவே. இந்தச் சரக்குப் பட்டியலின் அமைப்பும் நோக்கத்தக்கது. மனிதன் தின்னும் பிஸ்கட் 19-ஆம் அத்தியாயத்தில் மாவுப் பண்டங்களோடு இருக்கிறது. நாய் தின்னும் பிஸ்கட் 23-இல், உணவுத் தொழிலின் எச்சங்களும் கழிவுகளும் என்று தொடங்கும் தலைப்பின் கீழ் இருக்கிறது. வணிகச் சின்னப் பதிவிலும் முன்னது 30-ஆம் வகுப்பு, பின்னது 31. கேக்குக்காக 30-ஆம் வகுப்பில் பதிந்த பெயர் தானாகவே பிஸ்கட்டுக்கும் நீளும் என்று நம்பியிருக்கக் கூடாது.

மூன்றாவது, தொழிலின் அடையாளம். 2020 ஜூலை முதல் நடப்பிலுள்ள உத்யம் பதிவு இலவசம். தன்னறிவிப்பின் பேரில் இணையவழி கிடைக்கிறது. கடனுக்கும் அரசுத் திட்டங்களுக்கும் உதவும். அது எதற்கும் உரிமம் ஆகாது, தரச் சான்றும் ஆகாது. உள்ளாட்சியின் தொழில் உரிமம் தேவையா என்பதை மாநகராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நல்லது. வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தில் குடியிருப்பு மட்டும் என்ற வரி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

நான்காவது, மருந்துச் சட்டம். மருந்து மற்றும் ஒப்பனைப் பொருள் சட்டம் 1940, மனிதருக்கோ விலங்குக்கோ நோயைக் கண்டறிய, தீர்க்க, தணிக்க, தடுக்கப் பயன்படும் பொருளை மருந்து என்கிறது. மஞ்சள் சேர்த்த பிஸ்கட்டை விற்கலாம். அதன் மேல் 'மூட்டு வாதத்தைக் குணமாக்கும்' என்று எழுதிய கணத்தில் உரிமமில்லாத மருந்து விற்றதாகக் கருதப்படும் ஆபத்து வருகிறது. 1940-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு விலங்கின் உடல் கண்ணில் பட்டது. 66 ஆண்டுகளுக்குப் பின் வந்த உணவுச் சட்டம் அதைப் பார்க்க மறுத்தது. என் ஆய்வில் மிகவும் உறுத்திய முரண் இதுதான்.

ஐந்தாவது, பொறுப்பு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 பொருள் சார்ந்த பொறுப்புக்கென்று ஓர் அத்தியாயமே வைத்திருக்கிறது. குறைபாடுள்ள பொருள், போதிய எச்சரிக்கையில்லாத பொருள், வாக்களித்தபடி இல்லாத பொருள் ஆகியவற்றால் கேடு நேர்ந்தால் செய்தவர் இழப்பீடு தர வேண்டும். வெளிப்படையாக ஒரு வாக்குறுதி தந்திருந்தால், அதைத் தந்ததில் தனக்குக் கவனக்குறைவு இல்லை என்று நிரூபித்தாலும் தப்ப முடியாது. 'கோதுமை அறவே இல்லை' என்று எழுதுபவர் தன் சமையலறையில் கோதுமை மாவு பறக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நலம். வருத்தம் என்னவென்றால், இச்சட்டம் சொல்லும் 'கேடு' பெரும்பாலும் மனிதரின் காயமும் மரணமும், சொத்துச் சேதமுமே. நாய் இறந்தால் அது சொத்துச் சேதமாகவே கணக்காகும். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் 11-ஆம் பிரிவு தீங்கு தரும் பொருளைக் கொடுப்பதைத் தண்டிக்கிறது. ஆனால் வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவும் விலங்குக்கு நஞ்சிடுவதைக் குற்றமாக்குகிறது. நல்லெண்ணத்தோடும் அறியாமையோடும் சுட்ட பிஸ்கட் இவ்விரண்டின் பிடிக்குள்ளும் எளிதில் வராது.

கடைசியாகத் தரம். நாய், பூனை உணவுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 11968 என்ற தரத்தை 2019-இல் புதுப்பித்து வெளியிட்டிருக்கிறது. அதைப் பின்பற்றுவது விருப்பம் சார்ந்தது. ஆக, நாட்டில் நாய் உணவுக்கு எழுதிய தரம் உண்டு. அதைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை.

5. வெற்றிடத்தின் விலை

'வீட்டில் நாம் சாப்பிடுவதைத்தானே போடுகிறோம், என்ன ஆகிவிடும்?' என்ற கேள்வி நியாயமாகத் தோன்றும். மீன்குழம்புச் சோற்றில் வளர்ந்த நாட்டு நாய்களைக் கண்ட தலைமுறை கேட்கும் கேள்வி அது. ஆனால் மனிதருக்கு நல்லதெல்லாம் நாய்க்கு நல்லதாகிவிடாது. உலர்திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது. வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. சாக்லேட்டிலுள்ள தியோபுரோமினை நாயின் உடல் மெதுவாகவே வெளியேற்றுகிறது. சர்க்கரைக்கு மாற்றான சைலிட்டால் மனிதருக்குத் தீங்கற்றது. நாயின் கணையத்தையோ இன்சுலினைக் கொட்ட வைத்துவிடுகிறது. உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 0.1 கிராம் போதும், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குச் சரியும். 5 கிலோ பொமரேனியனுக்கு அது அரை கிராம். சர்க்கரை இல்லை என்று விற்கும் சில வேர்க்கடலை வெண்ணெய்களில் இந்தச் சைலிட்டால் இருக்கிறது. நாய் பிஸ்கட் செய்முறைகளில் அதிகம் புழங்கும் பொருள் அதே வேர்க்கடலை வெண்ணெய்.

அடுத்தது பூஞ்சை. நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற கல்லீரல் நஞ்சைச் சுரக்கிறது. சுடும் சூடு அதை முழுவதும் அழிப்பதில்லை. செல்லப்பிராணி உணவில் கோடிக்கு 20 பங்கு கூட வேண்டாம்; நூறு கோடிக்கு 20 பங்கைத் தாண்டினாலே எஃப்டிஏ நடவடிக்கை எடுக்கும். 2020 இறுதியில் அமெரிக்காவில் இந்த நஞ்சு கலந்த உலர் உணவால் 110-க்கும் மேற்பட்ட செல்லப்பிராணிகள் இறந்ததாகப் புகார்கள் பதிவாயின. நம் கடற்கரை நகரங்களின் ஈரக் காற்றில், அரைகுறையாக உலர்ந்த பிஸ்கட்டைக் காகித உறையில் அடைத்து வைத்தால் என்ன நேரும் என்பதை மழைக்கால முறுக்கு டப்பாவைத் திறந்தவர்கள் அறிவார்கள்.

பெரிய ஆலைகளும் தவறியிருக்கின்றன. 2007-இல் மெலமைன் கலந்த கோதுமைப் புரதத்தால் வட அமெரிக்காவில் 6 கோடிக்கும் மேற்பட்ட செல்லப்பிராணி உணவுப் பொட்டலங்கள் திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டு முதல் உலர் இறைச்சித் தின்பண்டங்கள் குறித்து எஃப்டிஏ-வுக்கு வந்த புகார்கள் சில ஆண்டுகளில் 5000-ஐத் தாண்டின. அவற்றில் 1000-க்கும் மேற்பட்ட நாய்களின் இறப்பு சொல்லப்பட்டது. பல ஆண்டு ஆய்வுக்குப் பிறகும் உறுதியான காரணம் பிடிபடவில்லை. இந்த எண்களை நான் வேறொரு காரணத்துக்காக எடுத்துக்காட்டுகிறேன். அவை எண்களாக நமக்குக் கிடைப்பதற்கே, புகாரை வாங்கிப் பதிவுசெய்ய ஓர் அலுவலகம் இருந்ததுதான் காரணம். இங்கே ஒரு பிஸ்கட்டால் நாய் இறந்தால் மருத்துவர் வருந்துவார், வீட்டார் அழுவார்கள். அந்தச் சாவு ஒரு பட்டியலிலும் ஏறாது.

இது நாயோடு முடிவதும் இல்லை. 2006 முதல் 2008 வரை அமெரிக்காவில் உலர் நாய் உணவோடு தொடர்புடைய சால்மோனெல்லா தொற்று 21 மாநிலங்களில் 79 மனிதர்களிடம் கண்டறியப்பட்டது. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இரண்டு வயதும் அதற்குக் குறைந்தும் உள்ள குழந்தைகள். நாய்க்குச் சமையலறையிலேயே உணவிடும் வீடுகளில் அபாயம் கூடுதலாக இருந்தது. தவழும் குழந்தையின் கைக்கு நாயின் கிண்ணம் எட்டும். நாய் உணவை மனிதப் பாதுகாப்புச் சட்டத்தின் கணக்குக்கு வெளியே வைப்பது மனிதருக்கே பாதுகாப்பாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

6. எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் வாழ்வாதாரம். இத்தொழிலில் இறங்குவோரில் பலர் வேலையை விட்டு வீட்டில் இருக்க நேர்ந்த பெண்கள். சிறு முதலில் தொடங்கும் தொழிலில் உரிமம், ஆய்வகக் கட்டணம், ஆய்வாளர் வருகை எல்லாம் சேர்ந்தால் பெரிய நிறுவனங்களுக்கே வாசல் திறந்திருக்கும். இந்த அச்சத்தில் உண்மை உண்டு. அமெரிக்காவில் புரதம், கொழுப்பு அளவுகளை உறையில் உறுதிசெய்ய ஆய்வகத்துக்குச் செலவிட வேண்டியிருப்பதும், மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியே கட்டணம் கட்ட வேண்டியிருப்பதும் சிறு தொழிலாளரைத் தடுக்கின்றன. அந்த முறையை அப்படியே இங்கே பெயர்த்து நட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஆனால் சட்டம் இல்லாத நிலையும் சிறு தொழிலாளருக்குக் காப்பு தருவதில்லை. வழக்கு வந்தால் தான் எந்த விதியின்படி நடந்தேன் என்று காட்ட அவரிடம் ஒரு தாளும் இருக்காது. பின்பற்றியதாகச் சொல்ல ஒரு விதி இருப்பது அவருக்கே கேடயம்.

இரண்டாம் எதிர்வாதம் முன்னுரிமை. மனித உணவின் கலப்படத்தையே தடுக்க முடியாத நாட்டில் நாய் உணவுக்கு ஆள் எங்கே என்று கேட்பார்கள். நாய் உணவு இங்கே வெகுகாலம் விற்பனைச் சரக்காக இல்லை. வீட்டு மிச்சமே நாயின் பங்கு. லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் 1860 வாக்கில் நாய் பிஸ்கட்டை வணிகப் பொருளாக்கிய பிறகுதான் அங்கேகூட இக்கேள்வி எழ வழி பிறந்தது. மிச்சச் சோறு இட்டவரிடம் சட்டம் கணக்குக் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. விலை குறித்து, பெயர் சூட்டி, பொட்டலமிட்டு அறியாதவருக்கு விற்கும்போது நிலை மாறுகிறது. வாங்குபவர் தின்பதில்லை, தின்பது சொல்லாது. சுவை மாறியதையும் வயிறு வலித்ததையும் சொல்லக்கூடிய மனிதருக்கே காப்பு தேவைப்படும்போது, சொல்ல முடியாத உயிருக்கு அது கூடுதலாகத் தேவை.

7. முடிவு

ஆய்வின் முடிவைச் சில வரிகளில் சொல்லலாம். இந்தியாவில் வீட்டு நாய் பிஸ்கட் தொழிலுக்கு எடையளவு, வரி, மருந்து, நுகர்வோர் சட்டங்கள் பொருந்தும். உணவுச் சட்டம் பொருந்தாது. அந்த உணவுச் சட்டத்தின் விலக்கு, ஐரோப்பிய வாசகத்தை ஒத்திருந்தும் அதன் துணைச் சட்டங்கள் இல்லாமல் தனித்து நிற்கிறது. அதன் விளைவாக உறையின் எடை தவறினால் கேட்க ஆள் உண்டு, உள்ளேயிருப்பது நஞ்சானால் முன்கூட்டித் தடுக்க ஆள் இல்லை.

இதை நிரப்பப் பெரிய சட்டம் தேவையில்லை. உணவுப் பொருள்கள் மற்றும் பிற சரக்குகளின் கலப்படம் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் உள்ள பொருள். ஒன்றிய அரசும் மாநில அரசும் இதில் சட்டமியற்றலாம். வீட்டுத் தயாரிப்பாளருக்குக் கட்டணமில்லாத எளிய பதிவு, சேர்மானப் பட்டியலும் கெடுநாளும் கட்டாயம் என்ற விதி, நாய் உணவில் சேர்க்கக் கூடாத பொருள்களின் பட்டியல், கால்நடை மருத்துவர்கள் புகார் பதிய ஓர் இடம் ஆகிய நான்கும் போதும். ஐஎஸ் 11968 தரத்தைப் பெரிய ஆலைகளுக்குக் கட்டாயமாக்கி, சிறு தொழிலுக்கு இந்த நான்கோடு நிறுத்தலாம். தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை இதில் முதல் அடி எடுத்து வைக்க முடியும்.

அதுவரை, வீட்டில் இத்தொழில் செய்வோரிடம் என் வேண்டுகோள் இது. கேக்கின் பதிவு எண்ணை பிஸ்கட் உறையிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் பெயரையும் முகவரியையும் எழுதுங்கள். உள்ளே போட்ட ஒவ்வொரு பொருளையும், அதிகம் சேர்த்தது முதலில் வரும்படி, எழுதுங்கள். சுட்ட நாளையும் கெடுநாளையும் எழுதுங்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும் நான்கு பிஸ்கட்டுகளை நாள் குறித்து எடுத்து வையுங்கள். நோய் தீரும் என்று மட்டும் எழுதாதீர்கள். வாங்குவோரும் இவை இல்லாத உறையைத் திருப்பிக் கொடுங்கள். நாயால் உறையைப் படிக்க முடியாது. அதற்காகப் படிக்க வேண்டியவர்கள் நாம்.